கேப் வெர்டே உலகக் கோப்பைக்குப் போனது அதிர்ஷ்டத்துல இல்ல

டிசம்பர் 2025

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அடுத்த வருஷ உலகக் கோப்பை ஃபுட்பாலுக்கு குரூப் பிரிச்ச செய்திய நம்ம பேப்பர்ல படிச்சேன். எச் பிரிவுல ஸ்பெயின், உருகுவே, சவுதி அரேபியா, அப்புறம் கேப் வெர்டே. ஸ்பெயினுக்கு நாலு பத்தி, உருகுவேக்கு ரெண்டு பத்தி, சவுதிக்கும் கொஞ்சம் எழுதியிருந்தீங்க, கேப் வெர்டேக்கு மட்டும் ரெண்டே வரி, அதுவும் ஏதோ ஒரு குட்டித் தீவு நாட்டுக்கு அதிர்ஷ்டம் அடிச்சிருக்கு, டீம் எண்ணிக்கைய 48 ஆக்குனதால உள்ள வந்துட்டாங்கங்கிற மாதிரி. படிச்சதும் மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு சார், அதான் இந்த லெட்டர். நீளமா தான் இருக்கும், முழுசா போட முடியலன்னாலும் உங்க ஸ்போர்ட்ஸ் பக்கம் பாக்குறவங்க ஒரு தடவை படிச்சா போதும்.

முதல்ல அந்த 48 டீம் விஷயத்த பேசிடுறேன், ஏன்னா ஆன்லைன்லயும் டீக்கடையிலயும் எல்லாரும் இதையே தான் சொல்றாங்க. ஆப்பிரிக்காவுக்கு முன்னாடி 5 இடம் தான் இருந்துச்சு, இப்போ நேரடியா 9 இடம், இது உண்மை தான், யாரும் மறுக்கல. ஆனா அந்த 9 இடமும் ஆப்பிரிக்கத் தகுதிச் சுத்துல 9 குரூப்ல முதலாவதா வர்றவங்களுக்கு மட்டும் தான். ரெண்டாவது வந்தா நேரடியா உள்ள வர முடியாது. கேப் வெர்டே இருந்த குரூப்ல யாரு இருந்தான்னு பாருங்க, கேமரூன் இருந்துச்சு, அங்கோலா, லிபியா, மொரீஷியஸ், எஸ்வாட்டினியும் இருந்துச்சு. கேமரூன்னா சும்மா இல்ல, 8 உலகக் கோப்பை ஆடுன நாடு, 1990ல காலிறுதி வரைக்கும் போய் இங்கிலாந்த எக்ஸ்ட்ரா டைம் வரைக்கும் இழுத்த நாடு, ஆப்பிரிக்காவுல வேற எந்த நாடும் இத்தனை தடவை போனதில்ல. அந்த கேமரூன 4 பாயின்ட் பின்னாடி தள்ளி 10 மேட்ச்ல 23 பாயின்ட் எடுத்து முதலாவதா வந்தாங்க. 7 வெற்றி, 2 டிரா, ஒரே ஒரு தோல்வி. இத அதிர்ஷ்டம்னு எழுதினா அப்புறம் உழைப்புன்னு எத எழுதுவோம்?

அந்த ஒரு தோல்வியும் சாதாரண தோல்வி இல்ல, 2024 ஜூன்ல கேமரூன் போய் 4-1ன்னு அடி வாங்கிட்டு வந்தாங்க. முதல் மேட்ச் வேற சொந்த ஊர்லயே அங்கோலாகூட 0-0. அப்போ பாத்த யாரும் இந்த டீம் முதல் இடத்துக்கு வரும்னு சொல்லியிருக்க மாட்டாங்க. அதுக்கப்புறம் தான் ஆட்டம் மாறுச்சு. லிபியாவ 1-0, மொரீஷியஸ 1-0, அப்படி ஒத்த கோல்ல ஜெயிச்சு ஜெயிச்சு பாயின்ட் சேத்தாங்க, அங்கோலாவுக்கே போய் 2-1ன்னு ஜெயிச்சாங்க, அந்த ரெண்டு கோலும் டைலன் லிவ்ரமென்டோ அடிச்சது. அப்புறம் 2025 செப்டம்பர்ல கேமரூன் இவங்க ஊருக்கு வந்துச்சு. தலைநகர் பிரையாவுல மேட்ச். 54ஆவது நிமிஷத்துல அதே லிவ்ரமென்டோ கோல் அடிச்சாரு, 1-0, மீதி நேரம் முழுக்க பத்து பேரும் கோல்கீப்பருமா சேர்ந்து அந்த ஒரு கோல காப்பாத்துனாங்க. குரூப்போட தலையெழுத்து அங்க தான் மாறுச்சு.

இப்போ அந்த நாட்டப் பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இது தெரியாம அந்த டீம புரிஞ்சுக்கவே முடியாது.

செனகல் கரையிலேர்ந்து மேற்க 600 கிலோமீட்டர் போல தள்ளி, அட்லாண்டிக் கடல் நடுவுல 10 தீவு. அதுல சாண்டா லூசியாவுல ஆள் கிடையாது, மீதி 9ல தான் ஜனங்க இருக்காங்க. மொத்தம் சுமார் 5 லட்சம் பேரு, பரப்பளவு 4,033 சதுர கிலோமீட்டர். போர்ச்சுக்கீசியர்கள் 1460 வாக்குல வந்து இறங்குற வரைக்கும் அங்க மனுஷங்களே இல்ல, அவங்க தான் ஆப்பிரிக்கக் கரையிலேர்ந்து அடிமைகள கொண்டு வந்து இறக்கி, அங்கேர்ந்து அமெரிக்கா பக்கம் ஏத்தி அனுப்புனாங்க. இன்னிக்கு அங்க இருக்குற ஜனங்க அந்த அடிமைகளுக்கும் போர்ச்சுக்கீசியருக்கும் பிறந்த வம்சம், பேசுறது கிரியோல் பாஷை. சுதந்திரம் கிடைச்சது 1975 ஜூலை 5ஆம் தேதி. அதாவது 50ஆவது சுதந்திர ஆண்டுல தான் உலகக் கோப்பைக்கு தகுதி வாங்கியிருக்காங்க. இந்த ஒரு தகவல் கூட நம்ம பேப்பர்ல இல்ல, அந்த ஜனங்களுக்கு இந்த வருஷம் எப்பேர்ப்பட்ட வருஷம்னு ஒரு வரி போட்டிருக்கலாம்.

அங்க மழை ரொம்ப கம்மி. வறண்ட காத்து, எரிமலைக் கல்லு, விவசாயம் பண்ண நிலம் சொற்பம். 1940கள்ல ரெண்டு பெரிய பஞ்சம் வந்து ஆயிரக்கணக்குல ஜனங்க செத்தாங்க, அன்னிக்கு லிஸ்பன்ல இருந்த ஆட்சி எட்டிக் கூட பாக்கல, பஞ்சத்துல அடிபட்டவங்கள ஒப்பந்தக் கூலியா சாவ் டோமே தீவு தோட்டங்களுக்கு அனுப்புனாங்க. இது நமக்கு அப்படியே புரியும், தோட்டக் கூலியா கப்பல் ஏறிப் போன கதை நம்ம ஜனங்களுக்கும் இருக்கு. அதுக்கும் முன்னாடியே ப்ராவா, ஃபோகோ தீவு ஆளுங்க அமெரிக்காவோட திமிங்கில வேட்டைக் கப்பல்ல ஏறி மாசசூசெட்ஸ் போயிட்டாங்க, நியூ பெட்ஃபோர்டு, ப்ராக்டன் ஊர்லயெல்லாம் இன்னிக்கும் அவங்க வம்சம் பெருசா இருக்கு. மாலுமி வேலைக்குப் போனவங்க ஹாலந்துல ராட்டர்டாம் துறைமுகத்துல குடியேறுனாங்க, கட்டட வேலைக்குப் போனவங்க லிஸ்பன் ஓரத்துல, இன்னும் கொஞ்ச பேரு பிரான்ஸ். நாட்டுக்குள்ள இருக்குறவங்கள விட வெளிய இருக்குறவங்க தான் அதிகம்னு சொல்றாங்க. வெளியூர்லேர்ந்து வர்ற பணத்துல தான் பல வீட்டுல அடுப்பு எரியுது.

ஃபுட்பால்லயும் ரொம்ப காலம் இதே தான் நடந்துச்சு. திறமையுள்ள பசங்க எல்லாம் வேற நாட்டு ஜெர்சில ஆடுனாங்க. ஸ்வீடனுக்கு ஆடுன ஹென்ரிக் லார்சனோட அப்பா கேப் வெர்டேக்காரர். 1998ல பிரான்ஸுக்கு கப் வாங்குன டீம்ல இருந்த பேட்ரிக் வியேராவோட அம்மா வழியும் இதே தீவு தான். போர்ச்சுக்கல் டிஃபென்ஸ்ல நின்ன ரொலாண்டோ பிறந்ததே சாவ் விசென்ட் தீவுல, கெல்சன் மார்டின்ஸ் பிறந்தது பிரையாவுல. யாரையும் தப்பு சொல்லல, எங்க வாழ்க்கை கிடைச்சுதோ அங்க ஆடுனாங்க. ஆனா 5 லட்சம் ஜனங்க இருக்குற நாடு இப்படி ஒவ்வொருத்தரா விட்டுக் கொடுத்துக்கிட்டே இருந்தா டீம் எப்படி உருவாகும்?

2004ல ஃபிஃபா ஒரு விதிய மாத்துச்சு, ஜூனியர் லெவல்ல ஒரு நாட்டுக்கு ஆடுனவங்க சீனியர்ல அப்பா அம்மா நாட்டுக்கு மாறிக்கலாம்னு. அப்போ 21 வயசுக்குள்ள மாறணும்னு இருந்துச்சு, 2009ல அந்த வயசு வரம்பையும் எடுத்துட்டாங்க. பெரிய நாடுகளுக்கு இது பெருசா தெரியல, கேப் வெர்டேக்கு இது கதவு திறந்த மாதிரி. அந்த நாட்டு சட்டப்படி வெளியூர்ல பிறந்த பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் குடியுரிமை உண்டு. அவங்க ஃபெடரேஷன் ஆளுங்க என்ன பண்ணாங்கன்னா, கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி ராட்டர்டாம், லிஸ்பன், பாரிஸ்னு தேடித்தேடிப் போய் கூப்பிட்டாங்க.

பிகோன்னு கூப்பிடுற ராபர்டோ லோப்ஸ் கதைய நீங்க கட்டாயம் போடணும். பிறந்து வளந்தது அயர்லாந்துல டப்ளின், அப்பா கேப் வெர்டே, அம்மா ஐரிஷ். பேங்க்ல வீட்டுக் கடன் பிரிவுல வேலை பாத்துக்கிட்டே உள்ளூர் லீக்ல ஆடிக்கிட்டு இருந்தவரு, அப்புறம் ஷாம்ராக் ரோவர்ஸ் கிளப்ல முழுநேர பிளேயரா ஆனாரு. 2018ல அப்போ கோச்சா இருந்த ரூயி ஆகுவாஸ் அவருக்கு லிங்க்டுஇன்ல போர்ச்சுக்கீசிய மொழில மெசேஜ் அனுப்புறாரு. இவருக்கு அந்த பாஷை தெரியாது, ஏதோ விளம்பர மெசேஜ்னு நினைச்சு விட்டுட்டாரு. மாசக்கணக்கா கழிச்சு ரெண்டாவது மெசேஜ் வருது, யோசிச்சீங்களான்னு கேட்டு. அப்போ தான் பழைய மெசேஜ எடுத்து கூகுள்ல மொழிபெயர்த்துப் பாத்தா, உங்க அப்பா நாட்டுக்கு ஆட வர்றீங்களான்னு கேட்டிருக்காங்க. இன்னிக்கு அவரு அந்த டீமோட நடு டிஃபென்ஸ்ல நிக்குறாரு. இதுல எனக்கு பெருசா தெரியுறது அந்த ரெண்டாவது மெசேஜ் தான். முதல் மெசேஜுக்கு பதில் வரலன்னு விட்டிருந்தா முடிஞ்சிருக்கும், விடல பாருங்க.

இத வச்சு சில பேரு சொல்றாங்க, இது கேப் வெர்டே டீமே இல்ல, ஹாலந்துலயும் போர்ச்சுக்கல்லயும் பிறந்தவங்க தானேன்னு. லிவ்ரமென்டோ ராட்டர்டாம்ல பிறந்தவரு, டீம்ல அதே ஊர்ல பிறந்தவங்க இன்னும் பல பேரு, உண்மை தான். எனக்கு இந்தப் பேச்சு சுத்தமா ஏத்துக்க முடியல. 2022ல அரையிறுதி போன மொராக்கோ டீம்ல 26 பேர்ல 14 பேரு வெளிநாட்டுல பிறந்தவங்க, அன்னிக்கு உலகமே கைதட்டுச்சே. பஞ்சத்துக்கும் வேலைக்கும் பயந்து கப்பல் ஏறுன தாத்தாவோட பேரன் திரும்பி வந்து அந்தத் தீவுக் கொடிக்கு ஆடுறான்னா அவன் யாரு, வெளியாளா? வெளியூர்ல இருந்தாலும் வீட்டுல பேசுறது கிரியோல், சாப்பிடுறது கச்சுபா, கேக்குறது மோர்னா பாட்டு. அந்தப் பிள்ளைங்க அந்த நாட்டோட சொத்து, ஒரு தலைமுறை கழிச்சு வீட்டுக்கு வந்திருக்கு.

உள்ளூர்ல இருக்குறவங்களையும் மறந்துடக் கூடாது. அங்க லீக் நடக்குற விதமே தனி. ஒவ்வொரு தீவுக்கும் ஒரு லீக், சாண்டியாகோ, சாண்டோ அன்டாவோ ரெண்டு தீவுக்கும் வடக்கு தெற்குன்னு ரெண்டு ரெண்டு லீக், ஆக மொத்தம் 11. அந்தந்த லீக்ல ஜெயிச்ச டீம் வந்து தேசியக் கோப்பைக்கு மோதணும், தீவு விட்டு தீவு படகுலயோ விமானத்துலயோ போயி. அதிகமா ஜெயிச்சது மிண்டெலோ ஊரோட மிண்டெலென்ஸ் கிளப். கிளப் பேரெல்லாம் பாத்தீங்கன்னா ஸ்போர்ட்டிங், பென்ஃபிகா, போவாவிஸ்டான்னு போர்ச்சுக்கல் பேராவே இருக்கும். பெரும்பாலும் வேற வேலை பாத்துக்கிட்டு ஆடுறவங்க தான். புல்லு வளராத ஊர்ல மண்ணுத் தரையில ஆடி வந்தாங்க, பின்னாடி தான் செயற்கைப் புல் மைதானம் வந்துச்சு. இந்த மாதிரி லீக்ல ஆரம்பிச்சு வந்தவரு தான் கோல்கீப்பர் வோசின்யா, சாவ் விசென்ட் தீவுக்காரர், 39 வயசு, போர்ச்சுக்கல்ல ரெண்டாவது டிவிஷன் கிளப்ல இருக்காரு. 2013ல கேப் வெர்டே முதல் தடவை போன ஆப்பிரிக்கா கோப்பைல ஆடுனவரு, கேப்டன் ரயன் மென்டிஸும் அப்படித்தான். ராட்டர்டாம் பையனும் மிண்டெலோ ஆளும் ஒரே டிரஸ்ஸிங் ரூம்ல உக்காந்து 12 வருஷமா ஒரு டீம கட்டியிருக்காங்க.

2013ன்னு சொன்னேன்ல, அதையும் சொல்லிடுறேன், இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதியும் ரொம்ப வலிச்ச பகுதியும் அந்த வருஷம் தான்.

ஃபிஃபாவுல அவங்க சேந்ததே 1986ல. 2000ல சொந்த ஊர்ல நடந்த அமில்கார் கப்ரால் கோப்பைய ஜெயிச்சாங்க, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குள்ள நடக்குற சின்ன போட்டி, சுதந்திரத்துக்குப் போராடி 1973ல கொல்லப்பட்ட தலைவர் பேர்ல நடக்குறது. உலகக் கோப்பை தகுதிச் சுத்துல முதல் தடவை இறங்குனதும் அதே வருஷம் தான். அப்புறம் 2012ல ஆப்பிரிக்கா கோப்பை தகுதிக்கு கேமரூன்கூட ரெண்டு மேட்ச். பிரையாவுல வார்ஸியா மைதானத்துல 2-0ன்னு ஜெயிச்சாங்க. திரும்ப கேமரூன் போகும்போது அங்க அவங்க நட்சத்திர ஆட்டக்காரர் சாமுவேல் எட்டோவ மறுபடி டீமுக்கு கூட்டிட்டு வந்தாங்க, அவ்வளவு பயம். ஹெல்டன் அடிச்ச ஒரு கோல் போதுமா இருந்துச்சு, அந்த மேட்ச்ல 2-1ன்னு தோத்தும் மொத்தத்துல 3-2ன்னு இவங்க உள்ள போயிட்டாங்க. அந்த டீமோட கோச் லூசியோ அன்டூனிஸ் யாரு தெரியுமா, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுல வேலை பாக்குறவரு. வேலைக்கு லீவு போட்டுட்டு நாட்டு டீம கூட்டிட்டு போறாரு. 2013ல தென் ஆப்பிரிக்காவுல நடந்த அந்தக் கோப்பையில முதல் மேட்ச் அந்த ஊர் டீமோடயே 0-0, மொராக்கோகூட 1-1, அங்கோலாவ கடைசி நிமிஷத்துல 2-1. முதல் தடவை போனவங்க நேரா காலிறுதி. அங்க கானாகிட்ட 2-0ன்னு தோத்தாங்க.

அதே வருஷம் செப்டம்பர்ல, 2014 உலகக் கோப்பை தகுதிக்கு கடைசி குரூப் மேட்ச், துனிசியா ஊர்ல. ஜெயிச்சே ஆகணும். 2-0ன்னு ஜெயிச்சுட்டாங்க, குரூப்ல முதலாவது, பிளே ஆஃப்ங்கிற கடைசித் தகுதிச் சுத்துக்குப் போறாங்க, தீவெல்லாம் கொண்டாட்டம். சில நாள்ல ஃபிஃபா தீர்ப்பு வருது: ஃபெர்னாண்டோ வரேலாங்கிற டிஃபெண்டர் தடையில இருந்தவரு, அவர ஆட விட்டது தப்பு, துனிசியாவுக்கு 3-0ன்னு வெற்றி. அந்தத் தடை எப்படி வந்துச்சுன்னா, அதுக்கு முன்னாடி ஈக்குவடோரியல் கினிகூட நடந்த மேட்ச்ல வாங்குன சிவப்பு அட்டை. அந்த மேட்சோட கதையே வேற, எதிரணி தகுதியில்லாத ஆள இறக்குனதால அந்த மேட்ச் பின்னாடி கேப் வெர்டே ஜெயிச்சதாவே அறிவிக்கப்பட்டுச்சு. மேட்சோட முடிவு மாறுச்சு, தடை மட்டும் மாறாம நின்னுடுச்சு. கிரவுண்டுல நேர்மையா ஜெயிச்சத பேப்பர்ல இழந்தாங்க. விதி விதி தான், ஃபெடரேஷன் கவனிச்சிருக்கணும், இத நான் மறைக்கல. ஆனா பெரிய நாட்டு ஃபெடரேஷன்ல இந்த மாதிரி விஷயத்த பாக்க வக்கீலுங்க வரிசையா இருப்பாங்க, சின்ன நாட்டுல எல்லா வேலையும் நாலஞ்சு பேரு தலையில தான் விழும். அவங்க இடத்துக்கு பிளே ஆஃப் போன துனிசியா அங்க கேமரூன்கிட்ட தோத்துடுச்சு.

அந்த அடிக்கு அப்புறம் டீம் கலைஞ்சிருந்தாலும் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாங்க. கலையல. 2024 ஜனவரில ஆப்பிரிக்கா கோப்பைல எகிப்து, கானா, மொசாம்பிக் இருந்த குரூப்ல முதலாவது வந்தாங்க, கானாவ 2-1ன்னு இஞ்சுரி டைம் கோல்ல அடிச்சாங்க, மறுபடி காலிறுதி, அங்க தென் ஆப்பிரிக்காகிட்ட பெனால்டில தோல்வி, அந்த ஊர் கோல்கீப்பர் ரோன்வென் வில்லியம்ஸ் நாலு பெனால்டிய தடுத்துட்டாரு. அதுக்கு அடுத்து என்ன ஆச்சுன்னா, இப்போ இந்த மாசம் மொராக்கோவுல ஆரம்பிக்குற ஆப்பிரிக்கா கோப்பைக்கு கேப் வெர்டே தகுதியே வாங்கல! எகிப்து, போட்ஸ்வானா, மவுரிடானியா இருந்த குரூப்ல பின்தங்கிட்டாங்க.

இந்த இடத்துல தான் அவங்க ஃபெடரேஷன நான் பாராட்டுவேன். நம்ம பக்கம் ரெண்டு மேட்ச் தோத்தா கோச்ச மாத்துன்னு கூச்சல் போடுவோம். அவங்க புபிஸ்டாவ தூக்கல. புபிஸ்டாங்கிறது பெட்ரோ லெய்டாவ் ப்ரிட்டோ, போவா விஸ்டா தீவுக்காரர், முன்னாடி அதே டீமுக்கு கேப்டனா இருந்தவரு, 2020லேர்ந்து கோச். வெளிநாட்டு கோச்ச கோடிக்கணக்குல கொண்டு வர்ற நாடுகளுக்கு நடுவுல, சொந்தத் தீவு ஆள நம்பி, ஒரு பெரிய போட்டிக்கு தகுதி வாங்காம போனதுக்கு அப்புறமும் நம்பி, அப்படியே வச்சுக்கிட்டாங்க. அந்த மனுஷன் போன மாசம் மொராக்கோ தலைநகர் ரபாத்ல ஆப்பிரிக்காவோட இந்த வருஷ சிறந்த கோச் விருது வாங்குனாரு. இதுவும் நம்ம பேப்பர்ல நான் பாக்கல.

கிரவுண்டு விஷயமும் ஒண்ணு இருக்கு. ஆப்பிரிக்காவுல நிறைய சின்ன நாடுகளுக்கு சர்வதேச தரத்துல மைதானம் இல்லாததால சொந்த மேட்சையே பக்கத்து நாட்டுல போய் ஆடுறாங்க. இதே குரூப்ல எஸ்வாட்டினி, கேப் வெர்டேகூட ஆட வேண்டிய சொந்த மேட்ச தென் ஆப்பிரிக்காவுல மொம்பெலாவுல தான் ஆடுச்சு. சொந்த ஜனம் இல்லாம, சொந்தக் காத்து இல்லாம ஆடுறது எவ்வளவு பெரிய நஷ்டம். கேப் வெர்டேக்கு பிரையா பக்கத்துல சீனா உதவியோட கட்டி 2014ல திறந்த நேஷனல் ஸ்டேடியம் இருக்கு, 15,000 பேரு உக்காரலாம். கேமரூன அடிச்சது அங்க தான். அந்த ஸ்டேடியம் இல்லன்னா இந்தக் கதை இப்படி முடிஞ்சிருக்காதுன்னு நான் நம்புறேன்.

கடைசி ரெண்டு மேட்ச பாத்தவங்களுக்குத் தெரியும். அக்டோபர் 8ஆம் தேதி லிபியா தலைநகர் திரிப்போலில ஜெயிச்சா அன்னிக்கே தகுதி. ஆரம்பத்துலயே கோல் வாங்கிட்டாங்க, ரெண்டாவது பாதியில 3-1ன்னு பின்னாடி போயிட்டாங்க. அங்கேர்ந்து ரெண்டு கோல் அடிச்சு 3-3. கடைசில பந்து உள்ள போச்சு, ஆஃப்சைடுன்னு சொல்லி கோல் கொடுக்கல. 2013 ஞாபகம் வராதவங்க அன்னிக்கு அந்தத் தீவுல ஒருத்தர் கூட இருந்திருக்க மாட்டாங்க. மறுபடி கைக்கு எட்டி வாய்க்கு எட்டாம போயிடுமோன்னு.

அஞ்சு நாள் கழிச்சு அக்டோபர் 13, திங்கக்கிழமை, பிரையாவுல எஸ்வாட்டினிகூட. கேமரூன் ரெண்டே பாயின்ட் பின்னாடி. ஜனங்க மேட்ச் பாக்கட்டும்னு அரசாங்கமே அரை நாள் லீவு விட்டுச்சு. முதல் பாதி 0-0. எதிர்ல இருந்தது குரூப்ல கடைசி இடத்துல இருந்த டீம், ஆனா கால் நடுங்குச்சு, பந்து ஓடல. இடைவேளை முடிஞ்சு 48ஆவது நிமிஷம் லிவ்ரமென்டோ கோல், 54ஆவது நிமிஷம் வில்லி செமெடோ கோல், அதுக்கப்புறம் ஸ்டேடியமே பாட்டும் ஆட்டமும் தான். இஞ்சுரி டைம்ல மூணாவது கோல் அடிச்சது ஸ்டொபிரா, 37 வயசு டிஃபெண்டர், 2008லேர்ந்து இந்த ஜெர்சி போட்டவரு, போர்ச்சுக்கல் ரெண்டாவது டிவிஷன்ல ஆடுறவரு, மாற்று ஆட்டக்காரரா உள்ள வந்தவரு. 2-0ன்னு இருக்கும்போது அந்த கோல் தேவையே இல்ல, கணக்குக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. ஆனா அத்தனை வருஷம் கஷ்டப்பட்டவர் காலுக்கு அந்த பந்து வந்து சேந்துச்சு பாருங்க, எனக்கு அந்த மூணு கோல்ல அது தான் பெருசு. அதே நேரத்துல கேமரூன் அங்க அங்கோலாகூட 0-0ன்னு முடிச்சுது.

மக்கள் தொகையில இதுவரைக்கும் உலகக் கோப்பை போனதுல ஐஸ்லாந்து மட்டும் தான் இவங்கள விட சின்னதுன்னு அப்போ சொன்னாங்க, நவம்பர்ல கரீபியன்லேர்ந்து குராசாவ் தகுதி வாங்குனதும் அது தான் எல்லாத்தையும் விட சின்ன நாடாச்சு. யாரு சின்னதுங்கிற பட்டியல் எனக்கு முக்கியமா படல. எழுதுறவங்க எல்லாம் அத மட்டுமே எழுதிட்டு நிறுத்திடுறாங்க, அது தான் வருத்தம். இதுல இன்னொண்ணு, 5 லட்சம் பேரு இருக்குற நாடே போயிடுச்சு 140 கோடி இருக்குற நாம ஏன் போகலன்னு ஒரு பேச்சு ஓடுது. நம்ம ஃபுட்பாலப் பத்தி பேச வேண்டியது நிறைய இருக்கு, தனியா பேசுவோம். அந்த ஜனங்களோட சந்தோஷத்த எடுத்து நம்மள நாமே அடிச்சுக்குற குச்சியா பயன்படுத்த வேணாம்.

சரி, நான் கேக்குறது என்னன்னா. ஜூன் 15ஆம் தேதி அட்லாண்டாவுல ஸ்பெயின்கூட முதல் மேட்ச், 21 மியாமில உருகுவேகூட, 26 ஹூஸ்டன்ல சவுதிகூட. அமெரிக்காவுல கேப் வெர்டே ஜனங்க நிறைய இருக்குறது மாசசூசெட்ஸ்ல, பாஸ்டன் பக்கத்துல உலகக் கோப்பை மேட்ச் நடக்குது, ஆனா இவங்க மேட்ச் ஒண்ணு கூட அங்க இல்ல. ப்ராக்டன்லயும் நியூ பெட்ஃபோர்டுலயும் இருக்குற அந்தக் குடும்பங்க அட்லாண்டாவுக்கும் மியாமிக்கும் தான் போகணும், டிக்கெட் விலையும் விமான டிக்கெட்டும் சாதாரண ஜனங்களுக்கு பெரிய பாரம். இப்படிப்பட்ட விஷயத்த எழுதுங்க. வில்லாரியல் கிளப்ல ஆடுற லோகன் கோஸ்டாவுக்கு முட்டில பெரிய காயம் ஆச்சு, அவரு ஜூனுக்குள்ள தேறி வருவாரா, டிஃபென்ஸ்ல பிகோகூட யாரு நிப்பாங்க, 39 வயசு வோசின்யா ஸ்பெயின் பசங்கள எப்படி சமாளிப்பாரு, புபிஸ்டா பின்னாடி உக்காந்து ஆடுவாரா இல்ல லிபியாவுல பண்ண மாதிரி தைரியமா ஏறி ஆடுவாரா, இதெல்லாம் எங்க ஊர்ல ஃபுட்பால் பாக்குற பசங்க இப்போவே பேச ஆரம்பிச்சுட்டாங்க. ஸ்பெயின் டீமப் பத்தி தினமும் எழுத ஆயிரம் பேரு இருக்காங்க. இந்த டீமப் பத்தி தமிழ்ல படிக்கணும்னா எங்க போறது?

மேட்ச் அன்னிக்கு காலையில ஒரு கால் பக்கம் போதும் சார். 26 பேர் கொண்ட டீம அறிவிச்சதும் பேர்கள மட்டுமாவது முழுசா போடுங்க, எந்தத் தீவு, எந்த ஊர்ல பிறந்தவங்கன்னு பக்கத்துல சேத்து போட்டா இன்னும் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
காயல்பட்டினம்